பதினான்காம் கட்டம்

தேவகோட்டை கூட்டுறவு வங்கி, ஆனி மாதம்.
கல்லூரிக் கட்டணத்துக்கு ஊரே நகையோடு வரிசையில்.
நான் வந்த வேலை வேறு:
மதிப்பீட்டாளர் வைரவமூர்த்தியின் தலைக்குள் ஓடுவதைப்
பதின்மூன்று கட்டங்களில் பிடித்து எழுதுவது.
பதினான்காவது, 'பிற'.

"கை செய்யச் செய்ய வாய் சொல்லிக்கிட்டே இருக்கட்டும் சார்.
எதையும் வடிகட்டாதீங்க."
சட்டைப் பையில் மைக்கைக் குத்தினேன்.

முதல் நாள் அவர் சொன்னது:
உரைக்கிறேன். திராவகம் விடுறேன். கோடு நிக்குது.
அரக்கு கழிச்சு பதினாலு கிராம் அறுநூறு.
இன்னைக்கு ரசம் மட்டும்தான்னு சொல்லிவிட்டா.
அதையும் எழுதிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்டே செய்ததில் ஒரே தோட்டை
இரண்டு முறை உரைத்துவிட்டார்.
"சோறு திங்கையில எத்தனை தடவை மெல்லுறேன்னு
எண்ணச் சொன்ன மாதிரில்ல இருக்கு, ஆத்தா."

மூன்றாம் நாள், கண்டனூர்ப் பெண்ணின் சங்கிலி.
கோடு நின்றது. எடை ரசீதோடு சரி. முத்திரை சரி.
என் பட்டியலில் எல்லாம் பச்சை.
அவர் மட்டும் அதைத் தட்டில் போடாமல்
கால்குலேட்டருக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார்.
மேனேஜர் முன்னால் அறுத்தபோது
உள்ளே வெள்ளி.

"எப்படித் தெரிஞ்சது?"
"தெரியலையே."

மறுநாள் ஷட்டர் பாதி இறங்கியபின்
இருவரும் பதிவைப் பார்த்தோம்.
தன் கையை
யாரோ கடன் கேட்டு வந்தவர் கையைப்போல் பார்த்தார்.
இரண்டு நிமிடம், பதினோராவது விநாடி:
சங்கிலி மேசைக்கு வருகிறது,
உரைகல் இன்னும் டிராயருக்குள்,
அவர் பேச்சில் ஒரு மூச்சளவு ஓட்டை.
"நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ."

"தன் நகையைக் கழட்டி வைக்கிறவுக கை
அது கூடவே கொஞ்ச தூரம் வரும்.
நான் எடுத்த பிறகும் மேசை நுனியில நிக்கும்.
இந்தப் புள்ள கை வரல.
வச்ச உடனே பை ஜிப்பை மூடிருச்சு."

அவசரமாகக் குறித்தேன். பதினான்காம் கட்டம்
ஓரம்வரை நிறைந்தது.
கண்ணாடியைத் துடைத்தபடி அவர் சேர்த்தார்:
"ஆனா இது இப்பத் தோணுறது.
அப்போ இதைத்தான் பார்த்தேன்னு
கையெழுத்துப் போட மாட்டேன்."

எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே விடவும் மனமில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
பேனாவை மூடினேன்.

காரைக்குடி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
என் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
"இது தேறுமா சார்?"
அவர் உரைகல்லை எடுக்கவில்லை; சிரித்தார்.
குனிந்து பார்த்தால்
என் கை மேசை நுனியில் நிற்கிறது.
தானாக வந்ததா,
கேட்டதை நினைத்து நான் கொண்டுவந்து நிறுத்தியதா,
இனி எனக்கே தெரியாது.