நாலு தகடு

பனங்கட்டியைப் புளியங்கொட்டை அளவில் உடைத்து
இடுப்புப் பையில் போட்டு வருவாள் கேதுஷா.
பையில் எத்தனை துண்டு என்று
அவளைவிடச் சோடாவுக்கு நன்றாகத் தெரியும்.

சோடா, பாசிக்குடாவில் வேலை பார்த்த மட்டக்குதிரை.
மூன்று வருடம்.
மணலில் ஒரு சுற்று, இருநூறு ரூபாய்,
படம் எடுத்தால் மேலதிகமாக ஐம்பது.
வாயின் இடது மூலையில் கம்பி இழுத்த தழும்பு.
அந்த இடத்தில் மட்டும் மயிர் வெள்ளையாய் முளைத்திருக்கிறது.
ஆகவே வாய்க்குள் நாங்கள் எதுவும் வைப்பதில்லை.
மூக்குக்கு மேலே ஒரு பருத்திக் கயிறு,
அதுவே கடிவாளம்.

டச்பார் சவுக்கு நிழலில் சனிக்கிழமைகளில்
ஏழு பிள்ளைகள், ஒரு சோடா.
முதல் மாதம் யாரும் ஏறவில்லை.
"எப்ப மிஸ் ஏறுறது?"
"அவள் ஓம் எண்ட பிறகு."
"குதிரை எப்பிடி மிஸ் ஓம் எண்டும்?"
ஏழு பேரும் மணலில் குந்தியிருந்து
காதுகளைப் பார்த்தார்கள்.
நாலாம் கிழமை, கேட்காமலே,
சோடா வந்து பக்கவாட்டில் நின்றாள்.

நாக்கால் ஒரு சத்தம்: டொக்.
அது ரசீது.
இப்போது செய்தாயே, இதற்குத்தான் கூலி
என்று எழுதிக் கொடுப்பது.
பனங்கட்டி பிறகு வரும், ஆறுதலாக.
ரசீது மட்டும் ஒரு மூச்சும் பிந்தக் கூடாது.

ஸஹ்லான் பிந்தினான்.
சோடா தலையைத் தாழ்த்தியபோது வாய் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அவன் பொக்கற்றில் அவள் மூக்கை நுழைத்தபோது
டொக் என்றான்.
இரண்டு கிழமை எல்லாருடைய பொக்கற்றிலும் எச்சில்.
"கள்ளக் குதிரை மிஸ்."
இல்லை மனே, கெட்டிக்காரி.
நீ படிப்பித்ததைப் படித்திருக்கிறாள்.

வத்தகப்பழத் தோலுக்கு நிற்பாள்.
பனங்கட்டிக்கு நடப்பாள்.
கழுத்தடியில் சொறிந்துவிட்டால்
கீழுதடு தொங்க, கண் செருக,
எதற்கும் சம்மதிப்பாள்.
கிறுகு என்றால் கிறுகுவாள்.
கொழும்பிலிருந்து வந்த ஒருவர்
திரும்பு, திரும்பு என்று கத்திப் பார்த்தார்.
காதுகூட அசையவில்லை.

கல்லடிப் பழைய பாலம்தான் மிச்சம்.
இரும்புத் தகடு குளம்புக்குக் கீழே முனகும்,
இடுக்கில் வாவி மினுங்கும்.
முதல் கிழமை தூரத்தில் நின்று பார்த்தாள். டொக்.
அடுத்த கிழமை ஒரு குளம்பு. டொக்.
மறுகா ஒரு தகடு, மறுகா மூன்று.

அன்றைக்குக் கடந்துவிடுவோம் என்று
யார் சொன்னதோ தெரியாது.
அந்தக் கரையில் அம்மாமாரும் உம்மாமாரும்
போனை உயர்த்திப் பிடித்தபடி.
கேதுஷா முதுகில்.
நாலாவது தகட்டில் கால் வைக்க
எங்கேயோ பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள் இருமியது.
சோடா மூடி திறந்தமாதிரி ஒரு சீறல்,
நாலு காலும் ஆணி.

கேதுஷாவின் மாமா
பூவரசங் கம்பு ஒன்றை முறித்துக்கொண்டு வந்தார்.
"ஒண்டு வையுங்க டொரின் மிஸ், போயிடும்."
போகும்.
அது எனக்கும் தெரியும்.
பாசிக்குடாவில் மூன்று வருடம்
அப்படித்தான் போனது.

நான் வாய் திறக்க முந்தி
கேதுஷாவின் விரல்கள் கயிற்றைத் தளர்த்தின.
முன்னே உந்தவில்லை, பின்னே இழுக்கவில்லை.
தண்ணீரில் ஒரு தோணி எங்களைக் கடந்து போய்விட்டது.
சோடாவின் ஒரு காது,
ஒன்றே ஒன்று,
மெல்லப் பின்னால் கேதுஷாவிடம் வந்தது.
டொக்.
குனிந்து பனங்கட்டி கொடுத்தாள்.
பிறகு,
"கிறுகு" என்றாள்.

அந்தக் கரையில் போன்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
பாலத்தடியில் பையைக் கவிழ்த்து
மிச்சம் முழுவதையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.
மாமாவுக்குத் தாங்கவில்லை:
"கடைசியில குதிரைதானே புள்ள வெண்டுட்டு."

கேதுஷா அவரைப் பார்க்கவில்லை.
எச்சில் கையைக் காற்சட்டையில் துடைத்தபடி சொன்னாள்:
"நாலு தகடு மாமா.
போன கிழமை மூண்டு."