பதினேழாம் நம்பர்

சாம்பல் புதனன்று
பங்கு அலுவலகத்திலிருந்து
முப்பத்தோரு அட்டை உண்டியல் வாங்கி வந்தேன்.
மடித்து, ஒட்டி, நம்பர் எழுதி
வில்லாபுரத்தில் எங்கள் மூன்று தெருவுக்கும் கொடுத்து முடிக்கையில்
நெற்றிச் சாம்பல் வியர்வையில் கரைந்து
மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

டவுன் பஸ் கண்டக்டர் நான்.
சில்லறை எண்ணத் தெரியும் என்று
அன்பியத்துக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.
வேறு தகுதி கேட்டால்
யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

தவக்காலத்துக்கு நான் விட்டது
சிம்மக்கல் பருத்திப்பால்.
நாளுக்கு இருபது ரூபாய், நேராக உண்டியலுக்கு.
தள்ளுவண்டிக்காரர் ஒருநாள் கேட்டார்:
"என்னண்ணே, சுகரா?"
"தவக்காலம்" என்றேன்,
பக்கத்தில் டம்ளரோடு நின்ற
நாலு பேருக்கும் கேட்கும்படி.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து
கூட்டமாய்த் திரும்பும் வழியில்
முக்குக் கடையில் பரோட்டா கொத்தும் சத்தம்.
சால்னா கொதிக்கும் வாசனை
தெருவின் குறுக்கே கயிறு கட்டி நிற்கும்.
யாரும் பேசாமல்
கொஞ்சம் வேகமாக நடப்போம்.
பதினாலு ஸ்தலத்தையும் விட
அந்த ஐம்பது அடிதான் நீளம்.

குருத்து ஞாயிறு மதியம்
அமலோற்பவம் டீச்சர் வீட்டு ஹாலில்
பாய் விரித்து உண்டியல்களைக் கிழித்தோம்.
ஒன்றில் எல்லாமே ஒரு ரூபாய்,
பிள்ளை விரல்களின் பிசுக்கோடு.
ஒன்றில் எட்டாக மடித்த ஐந்நூறு.
என்னுடையதைக் கடைசியில் பிரிக்கலாம் என்று
சுவரோரம் தள்ளி வைத்தேன்.
வைக்கும்போது
கொஞ்சம் சத்தம் வரத்தான் வைத்தேன்.

பதினேழாம் நம்பர்
தூக்கும்போதே காற்று.
அடிப்பக்கத்தை பிளேடால் அறுத்து
சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டியிருந்தது.
உள்ளே ஒரே ஒரு பஸ் டிக்கெட்.
அதன் முதுகில், பொடி எழுத்தில், பென்சிலில்:

"முந்நூற்று எண்பது சேர்ந்திருந்தது. எடுத்துவிட்டேன்.
மூத்தவளுக்குக் காலேஜில் பரீட்சைப் பணம்.
ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்."

மின்விசிறிக் காற்றில்
டிக்கெட் பாயை விட்டு எழுந்து
மறுபடி படுத்தது.
"காணிக்கைப் பணமாச்சே" என்றார் சவரிராயன்.
கெட்ட மனுஷன் இல்லை.
நோட்டு அவர் மடியில் இருந்தது,
பேனா மூடியைத் திறந்துவிட்டார்,
ஏதாவது எழுதியாக வேண்டும்.

டீச்சர் ரூபாய்களை அடுக்குவதை நிறுத்தவில்லை.
"வரவுல எழுதுங்க. பதினேழு, முந்நூத்தி எண்பது.
செலவுலயும் எழுதுங்க. பதினேழு, முந்நூத்தி எண்பது.
அடுத்த உண்டியலை எடுங்க."

எழுதினார்.
இந்த வருஷத்து நிதியில் முதல் உதவி
யாரும் கூட்டம் போடாமலே
கொடுத்து முடிந்திருந்தது.

டிக்கெட்டைத் திருப்பினேன்.
மகளிர் கட்டணமில்லாப் பயணச்சீட்டு.
எங்கள் டெப்போ. என் வண்டி.
நம்பர் பட்டியல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது,
பதினேழு யார் என்று எனக்குத் தெரியும்.
தெரியாதது,
இந்தச் சீட்டை அன்று எப்படிக் கொடுத்தேன் என்பது.
கையில் கொடுத்தேனா,
கூட்டத்துக்கு மேலே நீட்டி
முகம் பாராமல் விட்டேனா,
"ஓசிக்கு உள்ள தள்ளிப் போம்மா" என்று
நான் சில நாள் சொல்வதுண்டே,
அந்த நாளா?

என் உண்டியலும் வந்தது.
எழுநூற்று அறுபது.
நாற்பது நாளுக்கு எண்ணூறு வர வேண்டும்.
இரண்டு நாள் குடித்திருக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.

திங்கள் காலை, முதல் நடை.
வில்லாபுரம் ஸ்டாப்பில் ஏறினாள்,
தோளில் தையல் கம்பெனிப் பை.
சீட்டைக் கிழித்து
உள்ளங்கையில் வைத்தேன்.
"பெரியார்" என்றாள், நான் கேட்காமலே.
"தெரியும்மா" என்றேன்.
பிறகு அந்தத் "தெரியும்" தப்போ என்று
கிரைம் பிராஞ்ச் ஸ்டாப் வரை உறுத்தியது.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து
சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
வெள்ளையாக இருந்தது.
மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.