மூடி இல்லாத பதினொன்று

மழை நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை.
பந்தல்குடி வாய்க்கால் படியேறி வந்து
செல்லூர் வீடுகளில் செருப்புகளை மிதக்கவிட்டிருந்த
ஐப்பசி ராத்திரி, மூன்றரை மணி.
நாலு டப்பு பாலோடு
டிவிஎஸ் பிப்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன்.
கரண்ட் இல்லை.
ரோடு எது, குழி எது என்று
தண்ணீர் ஒரு துப்பும் கொடுக்கவில்லை.

"யக்கா, லெப்ட்ல வராதீக! ஓட்டை!"

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினால்
தொடையளவுத் தண்ணீரில் ஒரு பையன்.
கையில் மூன்று கால் பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் கட்டிய சிவப்புத் துப்பட்டா,
முதுகில் யூரியா சாக்கு,
இடுப்பில் கயிறு,
கயிற்றின் மறுமுனை மாவு மில் கேட்டில்.
எங்கள் தெரு சோனைமுத்து.
பள்ளிக்கூடத்தில் சோனேஷ்.
கணக்கில் இரண்டு தடவை போனவன்.

"இங்கன என்னடா பண்ற?"
"நிக்கிறேன்க்கா. ஒம்பது மணில இருந்து."

டிவியில் வருகிறவர்கள் பறப்பார்கள்.
சுவரைப் பிளப்பார்கள்.
ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்துவார்கள்.
சாக்கடைத் தண்ணீரில்
ஒரே ஓட்டைக்குப் பக்கத்தில்
ஆறரை மணி நேரம் சும்மா நிற்கிற சக்தி
அவர்களில் எவனுக்கும் இருந்து
நான் பார்த்ததில்லை.

குலமங்கலம் ரோடு திரும்பும் இடத்தில் ரிஸ்வானா,
காலேஜ் முதல் வருடம்,
பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு காகிதம்.
மூடி இல்லாத பதினோரு இடத்தையும்
ஆவணியிலேயே எழுதி
வார்டு ஆபீசில் கொடுத்தவள்.
ரசீது கேட்டாளாம். சிரித்தார்களாம்.
அந்த மனுவின் நகல்தான்
இன்று ராத்திரி டூட்டி சார்ட்.
இடத்துக்கு ஒரு பேர். பேருக்கு ஒரு கயிறு.
கயிறு இல்லாமல் இறங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

தறிக்காரர் மகன் லோகு நாலாவதில்.
ஜெர்லின் ஏழாவதில்,
காலையில் பரீட்சையாம், உதடு மட்டும் அசைகிறது.
பேச்சிக்கு வயசு பதினொன்று, தண்ணீரில் இறங்க விடவில்லை.
அழுது தீர்த்து மொட்டைமாடி ஏறி விசில் ஊதுகிறாள்:
ஆள் வந்தால் ஒன்று,
வண்டி வந்தால் இரண்டு,
ஆம்புலன்ஸுக்கு மூன்று.

ஒரு மணிக்கு மூன்று கேட்டதாம்.
ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நாற்காலி உயர உயர
நடுவில் மெதுவாகப் போனதாம் வண்டி.
உள்ளே யார் என்று எனக்குத் தெரியாது.
அவர்களுக்கும் தெரியாது.

நானும் அந்த ஓட்டையை அறிவேன்.
மூன்று மாதமாகத் தினமும்
பால் சிந்தாமல் வளைந்து போயிருக்கிறேன்.
வளைந்து போகத் தெரிந்ததை
சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

விடிந்ததும் தண்ணீர் இறங்கியது.
கறுப்பாய் வாய் பிளந்து கிடந்தன
பதினொன்றும்.
சோனை நடந்து போகிறான்,
உள்ளங்கால் ஊறி வெளுத்து,
கொட்டாவி விட்டபடி.
முதுகில் அந்தச் சாக்கு.
பறக்கவில்லை அது.
சொட்டிக்கொண்டு போனது.

பத்து நாள் கழித்து மூடி வந்தது,
பத்து மட்டும்.
இப்போதெல்லாம் சோனை பள்ளிக்கூடம் போகையில்
ஒவ்வொன்றின் மேலும் ஏறி
ஒரு குதி குதிக்கிறான்.
டங்.
இரும்பு சரியாக இருக்கிறதா பார்க்கிறானாம்.
தெருவே திட்டுகிறது, தூக்கம் கெடுகிறதென்று.
நான் எண்ணிக்கொண்டே பால் ஊற்றுகிறேன்:
ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்றாவதுக்கு
ரிஸ்வானா மறுபடி மனு கொடுத்துவிட்டாள்.
இந்தத் தடவை
ரசீது கையில் வரும்வரை
நாற்காலியை விட்டு எழவில்லையாம்,
ஆபீசர் நாற்காலியை.