ஏழாம் கேள்வி

வெள்ளை ஃபிளானல் துணியைப் புல்மேல் இழுத்துப் போகிறேன்,
இருபது அடிக்கொரு முறை புரட்டிப் பார்த்து.
ரீஹன் காடு. மே மாதம்.
காலுறைக்குள் செருகிய கால்சட்டை.

இன்று பதினொன்று.
எள்ளைவிடச் சிறியவை ஒன்பது.
இடுக்கியால் எடுத்து, குப்பியில் போட்டு,
நேரமும் ஈரப்பதமும் எழுதுகிறேன்.

பாசி பிடித்த எல்லைக்கல்லோடு
என் துணி நின்றுவிட வேண்டும்.
அந்தப் பக்கம் ஜெர்மனி.
அங்கே வேறொருத்தி, வேறு துணி, வேறு படிவம்.
அவள் எண்ணை என் எண்ணோடு கூட்ட முடியாது.
மான் மட்டும் இரண்டு பக்கமும் மேய்ந்து
காதில் கொத்தாய்ச் சுமந்து போகிறது.

மரம் வெட்டும் நிக்லவுஸ் ஷௌபுக்குச்
சிவப்பு வளையம், காய்ச்சல்.
ஏழாம் கேள்வி:
எந்த இடத்தில் கடித்தது?
கால்சட்டையைச் சுருட்டி
முழங்கால் மடிப்பைக் காட்டுகிறார்.

நாட்டைக் கேட்டேன்.

சிரிக்கிறார். ரொட்டி தின்ன உட்கார்ந்தது
அந்தக் கல்லின் மேல்தானாம்.

'தெரியாது' என்றொரு கட்டம் இல்லை.
காலியாக விட்டு அனுப்பினேன்.
பெர்னிலிருந்து பதில்:
முழுமையற்றது. சேர்க்கப்படவில்லை.

அடுத்த வாரம்
கல்லைச் சுற்றியே துணியை இழுத்தேன்.
ஒட்டியது ஒன்றே ஒன்று.
முன்கால்களை விரித்து
மூச்சு வரும் திசைக்குத்
திரும்புகிறது.