நாலரை வோல்ட்

பீளமேட்டு அறையில், மே மாதத்தில்,
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பற்றவைத்தேன்.
காற்றடித்தால் ஈயம் அவசரப்பட்டு இறுகிவிடும்.
முழங்கை வியர்வை மேசையில் சொட்டச் சொட்ட
இரவு பதினொன்றுக்கு அது முதன்முதலாக உறுமியது.
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விடுப்பு கிடைக்க டிசம்பர் ஆகிவிட்டது.
கோத்தகிரிக்குக் கடைசிப் பேருந்து, மடியில் டப்பா.
குஞ்சப்பனை தாண்டியதும்
எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடினார்கள்.

டானிங்டனில், உரக்கடை மாடியில்,
கிடாரை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள் மாதி.
மிதித்தாள்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமேயில்லை என்றும் சொல்ல முடியாது:
யாரோ கூப்பிட நினைத்துக்
கூப்பிடாமல் விட்டது போல ஒரு கீறல்.
அப்புறம் அதுவும் இல்லை.

"பேட்டரி?"
எல்லோரும் முதலில் கேட்பது.
முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.
பேருந்து நிலையத்தில் வாங்கிய புதுசு.
இருந்தாலும் நாக்கில் வைத்தேன், சுரீரென்றது.

உள்ளே வரும் ஜாக், வெளியே போகும் ஜாக்
மாற்றிச் செருகவில்லை.
(முன்பு ஒருமுறை செருகியிருக்கிறேன்.
இரண்டு மணி நேரம் தேடினேன். யாரிடமும் சொன்னதில்லை.)
மூடியைக் கழற்றினால்
எதுவும் எதன்மீதும் படவில்லை.
சந்தேகப்பட்ட மூன்று பற்றுகளை மறுபடி சூடாக்கினேன்.
சந்தேகப்படாததையும் ஒன்று.

பிறகு மோப்பக்கம்பி.
வேறொன்றுமில்லை, முனையில் கெபாசிட்டர் வைத்த ஒரு வயர்,
மறுமுனை ஆம்பிளிபயரில்.
மாதி ஒரே தந்தியை மீட்டிக்கொண்டிருக்க
ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் போனேன்.
ஜாக்கில் இருக்கிறது.
சுவிட்சில் இருக்கிறது.
முதல் டிரான்சிஸ்டரில் பெரிதாகிறது.
இரண்டாவதின் வாசல் வரை வந்து
உள்ளே போய்
வெளியே வரவில்லை.

"இன்னும் மீட்டணுமா? விரல் மரத்துப்போச்சு."
"மீட்டு."
"நாலாயிரம் குடுத்தா கடையில..."
"மீட்டு."

மீட்டரை வைத்தேன்.
இரண்டாவதின் கலெக்டர் காலில்
நாலரை வோல்ட் இருக்க வேண்டும்.
பீளமேட்டில் இருந்தது. மூடியின் உட்புறம்
என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது: தேதி, நேரம், 4.5.
இப்போது ஒன்று புள்ளி இரண்டு.

அதே பாகங்கள். அதே கை.
என்னதான் மாறியது என்று வாய்விட்டே கேட்டிருப்பேன் போலும்.
ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டு
"இந்தக் குளிர்ல நீ மட்டும்தான்
வெறும் சட்டையோட உக்காந்திருக்க" என்றாள் மாதி.

ஜெர்மானியம்!
பழைய ரேடியோவின் வயிற்றிலிருந்து கழற்றிய,
தகரத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டர்கள்.
வெயிலுக்கு ஒரு புத்தி, பனிக்கு ஒரு புத்தி.
எனக்குத் தெரியும்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு
வீடெல்லாம் தேடுகிறவனுக்குத் தெரிகிற மாதிரி.

பேருந்தில் ஜன்னல்கள் மூடப்பட்டபோதே
மடியில் அது ஊமையாகிக்கொண்டு வந்திருக்கிறது.

தொப்பிகளை விரலால் பற்றினேன். என் விரலும் ஜில்லிட்டிருந்தது.
"தள்ளு."
குனிந்து, வாயை அருகே கொண்டுபோய்
ஹா என்று ஊதினாள்.
ஒன்று புள்ளி ஐந்து.
ஊது.
ஒன்று புள்ளி ஒன்பது.
ஊது.
இரண்டு புள்ளி நான்கு.
மூச்சு வாங்கிக்கொண்டே தந்தியைத் தட்டினாள்:
வாலை மிதிபட்ட பூனையாய்
கரகரத்து எழுந்தது சத்தம்.
மூச்சு ஆறியதும் மெல்ல இறங்கிப் போயிற்று.

"ஞாயித்துக்கெழம பூரா ஊதிக்கிட்டே வாசிக்கவா?"

கீழே உரக்கடை ஷட்டர் இறங்கியது.
ஒரு ரெசிஸ்டரை வெட்டியெடுத்து
அதே இடத்தில் டிரிம்மர் ஒன்றை வைத்து
மயிரிழை மயிரிழையாகத் திருகினேன்,
இந்த ஊருக்கு, இந்த இரவுக்கு,
நாலரை.

கீழே இறங்கினால் மறுபடி தவறும்.
மேடை விளக்குகள் சுட்டாலே தவறலாம்.
தாளில் பழைய வரியை அடிக்கவில்லை.
அடியில் எழுதினேன்:
கோத்தகிரி, டிசம்பர், ஒன்பது டிகிரி, 4.5.
கீழே இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

அடிக்கடி திறக்கப்போவது என்று ஆனபின்
நான்கு திருகாணியில் இரண்டை மட்டும் முடுக்கினோம்.
மற்ற இரண்டும்
திங்கட்கிழமை, பம்ப் மோட்டார் சோதிக்கிற மேசையில்
நான் குனிந்தபோது
சட்டைப் பையிலிருந்து விழுந்தன.