முன்னறிவிப்பு

நீடாமங்கலம் கேட் மூடியாச்சு.
"ரெண்டு நிமிஷத்தில் ஹாரன் வரும், நன்மாறா"
என்கிறேன்.
காதைப் பொத்திக்கொள்கிறான்.

எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும் அவனுக்கு.
மிக்ஸி போடுமுன். நகம் வெட்டுமுன்.
மன்னார்குடிக் கல்யாணத்தில்
யாரோ சொல்லாமல் கன்னத்தைக் கிள்ள
இலையோடு பறந்தது சாம்பார்.
"வளர்த்த லட்சணம்" என்றார்கள்.
"லட்சணம்னா என்னம்மா?"
பஸ்ஸில் பதினொரு தடவை.
பதினொரு பதிலும்
ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றான்.

ஞாயிறானால் மூணாறு தலைப்பு.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு:
ஷட்டர் எண்ணி, கன அடி கேட்டு
பழைய டயரியில் ஏற்றுகிறான்.
"தூக்கப்போறேன் தம்பி" என்று
அவனிடம் சொல்லிவிட்டே
சக்கரத்தைச் சுற்றுகிறார் லஸ்கர் அருமைக்கண்ணு.
அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேற்று அடுப்படி வாசலில்
நிலைக்கதவைப் பார்த்தபடி சொன்னான்:
"அம்மா, அஞ்சு நிமிஷத்தில
உன் கையைப் பிடிப்பேன்.
பத்து செகண்ட்."

தண்ணீர் திறக்கிறார்கள் என்று கேட்டதும்
பாத்திரம் பண்டத்தைப் பரணில் ஏற்றும்
கரையோரத்துக்காரிபோல்
கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து நின்றேன்.
தோசை கருகியது.

ஏழில் விட்டுவிட்டான்.

மீதி மூன்றை
டயரியில் எழுதி வைத்திருக்கிறான்,
அம்மாவுக்குப் பாக்கி என்று.