முதல் நெடுவரிசை

புதுச்சேரி, பிறப்புப் பதிவகம், ஜன்னல் மூன்று.
நாலு லட்சத்துப் பதினாறாயிரம் வரிசைகள்.
நான் வேலைக்கு வருமுன் யாரோ கட்டிய இண்டெக்ஸ்:
குடும்பப்பெயர், பிறகு பெயர், பிறகு ஆண்டு.
பிரெஞ்சுப் பத்திரம் பார்த்துக் கட்டியிருப்பார்.
இங்கே பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் என்றால்
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்.

தெருவைச் சொன்னால் வீட்டைக் காட்டும்.
தெருவும் வீடும் சொன்னால் மாடியைக் காட்டும்.
மாடியை மட்டும் சொன்னால்
முத்தியால்பேட்டை தொடங்கி முதலியார்பேட்டை வரை
கதவு கதவாய்த் தட்டும்.

அவர் மாடியை மட்டும் கொண்டு வந்திருந்தார்.
'செலஸ்தின். அறுபத்தி மூணு, மாதா மாசம்.'
இனிஷியல்?
கைப்பையின் ஜிப் ஒருமுறை திறந்து மூடியது.
'ஸ்கூல்ல சிஸ்டருங்க எம்-னு போட்டாங்க.
எம் யாரும் இல்ல.'

தட்டினேன்.
முப்பத்தெட்டு நொடி.
வட்டம் சுற்றிச் சுற்றிச் செத்தது.
பின்னாலிருந்து ஒரு குரல்: 'சர்வர் டவுனா சார்?'
சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா,
வரிசைதான் தப்பு.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.
தயிர்சாத டப்பாவைத் திறக்காமல்
இன்னொன்று கட்டினேன்: பெயர், ஆண்டு.
இனி இந்த ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும்
கூடுதலாக ஓரிடத்தில் எழுதியாக வேண்டும்.
எழுதட்டும்.

இரண்டரைக்கு, நாலு மில்லி நொடி.
மூன்று செலஸ்தின்கள்.
உப்பளத்தில் ஒருத்தி, நெல்லித்தோப்பில் ஒருத்தி,
இருவருக்கும் தகப்பன் உண்டு.
குருசுக்குப்பத்துக்காரிக்கு
தாய்: சவரியம்மாள்.
குடும்பப்பெயர்:

அவ்வளவுதான், முக்காற்புள்ளியோடு நின்றது.

வெறுமை எதற்கும் சமமில்லை,
இன்னொரு வெறுமைக்கும் சமமில்லை.
'நீ இன்னாரா' என்று கேட்டால் பேசாது.
'இல்லையா' என்று கேட்க வேண்டும்.
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
எங்கள் டேட்டாபேஸ் இல்லாதவர்களை முதலில் அடுக்கும்;
அமலோர்பவங்களுக்கும் அந்துவான்களுக்கும் முன்னால்,
பழைய இண்டெக்ஸின் முதல் இலையில்,
வாசற்படியிலேயே இருந்திருக்கிறார்
இத்தனை வருடமும்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.
தாய் பெயரை இரண்டு தரம்.

வெற்றிடம் இருந்தால் சிறு கோடு போட்டு
அச்சடிப்பது அலுவலக வழக்கம்.
என் விரல் அந்தக் கோட்டுக்குப் போனதும்
'வேணாம்' என்றார்.
'அது காலியாவே இருக்கட்டும் தம்பி.
ரெண்டு காப்பி குடுங்க.'

டோக்கன் எழுபத்தேழு.